துணி நாப்கின்: குமரி மாவட்ட விடுதிகளுக்கு வாங்கிக் கொடுக்கும் முன்

பெண் பிள்ளைகள் தங்கியிருக்கும் இல்லத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு நேரச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு, நினைவுநாளுக்குச் சாப்பாடு, கிறிஸ்துமஸுக்குக் கேக். நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் வேண்டியது நாப்கின். அதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சம், கொடுக்க நமக்குக் கூச்சம்.

மகளிர் குழுக்களும் பெண்களுக்கான தொண்டு அமைப்புகளின் தையல் கூடங்களும் துணியில் தைத்து விற்கும் நாப்கினைப் பற்றியது இந்த மதிப்பீடு. இதை வாங்கிக் கொடுத்தால் தையல் மிஷினில் உட்காரும் பெண்ணுக்குக் கூலி கிடைக்கும், விடுதியில் இருக்கும் பிள்ளைக்கும் தேவை தீரும். ஆனால் பொருள் சரியில்லை என்றால் இரண்டும் கெட்டுப்போகும். ஒரு மாதம் கசிந்த நாப்கினை எந்தப் பிள்ளையும் அடுத்த மாதம் எடுக்காது. அது பெட்டிக்கு அடியில் கிடக்கும். கூடத்துக்கு அடுத்த ஆர்டரும் வராது.

முதலில் எத்தனை வேண்டும் என்ற கணக்கு. 2012இல் நடைமுறைக்கு வந்த தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 என்று நாப்கின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மொத்தம் 18. இரண்டு முறை மாதவிலக்குக்கு இதைப் பிரித்தால் ஒரு முறைக்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்று வைத்தால் முதல் மூன்று நாளுக்கு 12, அடுத்த இரண்டு நாளுக்கு 5, ஆக 17 வேண்டும். குறைவது 8. இந்த எட்டுக்காகத்தான் பிள்ளைகள் ஒரே நாப்கினை காலையிலிருந்து மாலைவரை வைத்திருப்பதும், தாளையும் பழந்துணியையும் மடித்து வைப்பதும் நடக்கிறது. நன்கொடை நிரப்ப வேண்டிய இடம் இந்த எட்டுதான். அரசு கொடுப்பதைத் தள்ளிவிட்டு முழுவதும் துணிக்கு மாறுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்குப் போகும் பகலில் தூக்கிப்போடும் நாப்கின், விடுதியில் இருக்கும் மாலையிலும் இரவிலும் விடுமுறையிலும் துணி. பள்ளிக் கழிப்பறையில் ஈரமான துணி நாப்கினை மாற்றிப் பையில் வைத்துச் சுமப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எளிதல்ல. இரண்டையும் கலந்து பயன்படுத்தும் விடுதிகளில்தான் துணி நாப்கின் நிலைக்கும்.

தையல் கூடங்களில் கிடைப்பது பொதுவாக மூன்று வகை. முதல் வகையில் மேல்துணி, உள்ளே உறிஞ்சும் அடுக்கு, கீழே கசியாத துணி எல்லாம் சேர்த்து ஒன்றாகத் தைத்திருக்கும். பார்ப்பதற்குக் கடை நாப்கின் போல இருப்பதால் பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும். இரண்டாவது வகையில் இறக்கையோடு கூடிய கசியாத அடித்துணி தனி, அதன் மேல் பட்டியில் செருகும் உறிஞ்சுதுணி தனி. மூன்றாவது வகையில் அடித்துணி அதேதான். உறிஞ்சுதுணி மட்டும் துண்டு போல விரியும். 48 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம் உள்ள ஃபிளானல் என்ற மெத்தென்ற துணித் துண்டை எட்டு சென்டிமீட்டர் மடிப்புகளாக மடித்தால் 24க்கு 8 அளவில் ஆறு அடுக்கு நாப்கின் ஆகிவிடும்.

வெயில் நன்றாக விழும் ஊருக்கு முதல் வகை போதும். ஆரல்வாய்மொழிக் காற்றில் எதையும் அரை நாளில் காயவைத்துவிடலாம். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் கதையே வேறு. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில், பிடித்த மழை ஆடிவரை சாரலாக இழுக்கும். விட்டுப்போய் ஐப்பசியில் மறுபடி பிடிக்கும். சேர்த்துத் தைத்த நாப்கின் அந்த நாட்களில் மூன்று நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். மேல்துணி காய்ந்துவிடுவதால் காய்ந்தது என்று நினைத்து எடுத்து வைப்பார்கள். உள்ளே ஈரம் நின்று வாடை பிடிக்கும், தொடையில் அரிப்பு வரும். அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கத்து விடுதிகளுக்கு மூன்றாவது வகையே சிறந்தது. ஒற்றைத் துணியாக விரிந்து காய்வதால் கொடியில் கைத்துண்டு போலத்தான் தெரியும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட வேண்டிய தேவை இருக்காது. கடை நாப்கினோடு பழகிய பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு நாப்கினை மட்டும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் சோதித்துவிடுவது நல்லது. துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினுக்கென்று ஐஎஸ் 17514 என்ற இந்தியத் தரம் 2021இல் வந்திருக்கிறது. ஆனால் சின்னக் கூடங்களில் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது, எனவே நம் கையால் பார்ப்பதே வழி. முதலில் மூன்று முறை துவைத்துக் காயவையுங்கள். புதுத் துணியில் கஞ்சிப் பசை இருப்பதால் முதல் துவைப்புக்கு முன் தண்ணீரை உறிஞ்சாமல் உருட்டிவிடும். அதைப் பார்த்து நாப்கினைக் குறை சொல்லக் கூடாது. பிறகு நடுவில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி தண்ணீரை, இரண்டு நிமிடத்துக்குள் மெதுவாக ஊற்றி, மேலே ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். அடியில் வைத்த வெள்ளைத்தாள் நனையக் கூடாது. ஒரு மாதவிலக்கு முழுவதிலும் போகும் இரத்தமே சாதாரணமாக 30 முதல் 80 மில்லிதான் என்பதால் ஒரு நாப்கினுக்கு இந்தச் சோதனை கடினமானது. இதில் தாங்கியது இரவிலும் தாங்கும். (80 மில்லிக்கு மேல் போகும் பிள்ளைக்கு நாப்கினைவிட முதலில் டாக்டர்தான் தேவை, இரத்தசோகை அங்கிருந்துதான் தொடங்குகிறது.)

கசிந்தால் காரணம் அநேகமாக ஊசித்துளைதான். கீழே வைக்கும் கசியாத துணியைத் தையல் கூடங்களில் பி.யு.எல். என்று சொல்வார்கள், பாலியஸ்டர் துணியின் ஒரு பக்கத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. அடுக்குகள் நகரக் கூடாது என்று நாப்கினின் நடுவில் நீளவாட்டில் தையல் போட்டுப் படலம்வரை குத்தி எடுத்தால் அந்தத் துளை வழியே கசியும். அடுக்குகளை முதலில் மேல்துணியோடு மட்டும் சேர்த்துத் தைத்து, படலத்துணியை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். நாப்கினைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நடுவில் நூல் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது குறை சுருக்கம். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், படலத்துணி சுருங்காது. மேல்துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டித் தைத்திருந்தால் மூன்று துவைப்பில் நாப்கின் படகு போல வளைந்துவிடும், ஓரம் உடம்பில் படாது, பக்கவாட்டில் கசியும். துணியை நனைத்துத்தான் வெட்டுகிறீர்களா என்று கூடத்தில் கேட்டால் வேலை தெரிந்தவர்கள் உடனே ஆமாம் என்பார்கள். தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது பட்டன். குளச்சல், முட்டம், தூத்தூர் போன்ற கடலோர ஊர்களுக்கு இரும்புக் கலந்த டிச் பட்டன் கூடவே கூடாது. உப்புக் காற்றில் ஓரிரு மாதத்தில் துருவேறி, துணியில் பழுப்புக் கறையும் விழும். பிளாஸ்டிக் பட்டன் நல்லது. ஆனால் அதன் பின்னால் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்து அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிய்க்கும்போது படலத்தோடு கிழிந்து வரும். ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) வைத்தது வேண்டாம். நூலையும் முடியையும் பிடித்துக்கொள்ளும், துவைக்கும்போது மற்றத் துணியையும் இழுத்துக் கெடுக்கும், பிரிக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே பெரிய பிரச்சினை.

மேல்துணி பருத்தி ஃபிளானலாக இருக்கட்டும். பஞ்சு போல மெத்தென்றிருக்கும் பாலியஸ்டர் துணி கைக்குச் சுகம். நம் ஊர் வியர்வைக்கு அது ஆகாது. நிறம் அடர்த்தியாக, மெரூன் அல்லது கரும்பச்சையில் பூப்போட்டதாக இருந்தால் கறை கண்ணில் படாது. முழுக் கறுப்பு வேண்டாம், சோப்பு சரியாகப் போயிருக்கிறதா என்றே தெரியாது. உள் அடுக்கு மட்டும் வெள்ளையாக இருப்பது நல்லது. அலசும் தண்ணீரையும் துணியையும் பார்த்துச் சுத்தமானதை உறுதி செய்யலாம்.

அளவு விஷயத்தில் பகலுக்கு 26 முதல் 28 சென்டிமீட்டர், இரவுக்கு 32 முதல் 34. பத்துப் பதினொரு வயதுச் சின்னப் பிள்ளைகளுக்கு 22 போதும். பெரியவர்களுக்கான ஒரே அளவை எல்லோருக்கும் தள்ளிவிடும் கூடங்களில் இதைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் தனியாக வெட்டிக் கொடுப்பார்கள்.

விலையைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீடு முடியாது. இறக்கையோடு 30க்கு 20 சென்டிமீட்டர் வெட்டுக்கு, 110 அகலமுள்ள துணி ஒரு மீட்டரில் 15 மேல்துணி வரும். 24க்கு 7 அளவில் உள்துண்டு ஒரு மீட்டரில் 60. நாப்கினுக்கு நான்கு வைத்தால் அதுவும் 15க்குச் சரியாகப் போகும். படலத்துணி 150 அகலம் இருந்தால் மீட்டருக்கு 25. நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டில் துணி மீட்டர் விலையை விசாரித்து இந்தக் கணக்கில் வகுத்தால் ஒரு நாப்கினில் துணிச் செலவு எவ்வளவு என்று நமக்கே தெரிந்துவிடும். மீதி கூலியும் நூலும் பட்டனும் கூடத்தின் செலவும். வெட்டி, தைத்து, பட்டன் அடித்து முடிக்க, கை பழகியவருக்கும் ஏறக்குறைய கால் மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 32. ஒன்றுக்கு 5 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 160 ரூபாய்தான் வரும். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே 336 ரூபாய். ஆக, ஒரு நாப்கினுக்குக் குறைந்தது 10 ரூபாய் 50 காசு தைப்பவர் கையில் சேராத விலைக்கு வாங்கினால், ஒரு பெண்ணுக்கு உதவ இன்னொரு பெண்ணின் உழைப்பைக் குறைத்து வாங்கியதாக ஆகிவிடும். பேரம் பேசுவதற்கு முன் பீஸுக்குக் கூலி என்ன என்று கேளுங்கள். நல்ல தொண்டு அமைப்பு இதற்குக் கோபப்படாது, கணக்கைக் காட்டும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரிப் பால் பட்டுக் கை பொத்து வேலை செய்த பெண்கள் தையலுக்கு வருவது கூலி அங்கே கிடைப்பதைவிட நன்றாக இருக்கும் என்று நம்பித்தான்.

இந்த மாவட்டத்துக்கு ஊசிநூல் வேலை புதிதும் அல்ல. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரிகளான மால்ட் தம்பதியில் மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தோடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார்; அதில் வந்த வருமானம் பல பெண்கள் சொந்தக் காலில் நிற்க உதவியது. ஓரம் பிசிறில்லாமல் முடிக்கும் கைத்திறன் இங்கே இன்னும் இருக்கிறது. அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டியதுதான் நம் வேலை.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். 2018 ஜூலையிலிருந்து நாப்கினுக்கு அந்த வரி கிடையாது.

ஒரு பிள்ளைக்கு எத்தனை கொடுப்பது? குறைகிற எட்டு மாற்றத்துக்குப் பகல் அளவில் நான்கும் இரவு அளவில் இரண்டுமாக ஆறு இருந்தால் வெயில் காலத்தில் தாராளம். மழைக் காலத்துக்குக் கூடுதலாக இரண்டு உறிஞ்சுதுணி. அடித்துணியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை என்பதால் மூன்றாவது வகையில் அடித்துணி மூன்று, உறிஞ்சுதுணி எட்டு என்று கேட்டு வாங்கலாம், செலவும் குறையும்.

நன்கொடையாளர்கள் பொதுவாக மறந்துபோகும் பொருள் ஜட்டி. இறக்கை வைத்த நாப்கின் நிற்பது ஜட்டியின் பிடிப்பில்தான். இழுவை போன பழைய ஜட்டியில் எந்த நாப்கினும் நகரும், கசியும்; பழி நாப்கின் மேல் விழும். பிள்ளைக்கு நான்கு என்று, 75 முதல் 90 சென்டிமீட்டர் வரையுள்ள அளவுகளில் எது எத்தனை என்று விடுதியின் பெண் வார்டனிடம் கேட்டு வாங்குங்கள். கூடவே ஆளுக்கு ஒரு துவைக்கும் சோப்பு, மூடியுள்ள சின்ன வாளி, எட்டு கிளிப். இவை இல்லாமல் நாப்கினை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

காயவைக்கும் இடத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 50 பிள்ளைகள் உள்ள விடுதியில், ஐந்து நாள் மாதவிலக்கை 28 நாளில் பகிர்ந்தால், எந்த நாளிலும் ஒன்பது பேருக்கு இருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு துணி, காய இரண்டு நாள் என்றால் கொடியில் ஒரே நேரத்தில் 36 கிடக்கும். விரித்த துண்டு 24 சென்டிமீட்டர் அகலம். ஒன்றோடு ஒன்று இடிக்காமல் இருக்க 30 சென்டிமீட்டர் விட்டால் 11 மீட்டர் கொடி வேண்டும். நான்கு மீட்டரில் மூன்று வரிசை, மேலே ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட், காற்று வரும் பக்கம் திறப்பு, ஆண்கள் நடமாட்டம் இல்லாத இடம். பல விடுதிகளில் நாப்கினைவிட இந்தக் கொட்டகைதான் பெரிய உதவி. அதைக் கட்டித் தர ஒருவர் முன்வந்தால் போதும்.

கொடுக்கும் நாளில் துவைக்கும் முறையை ஒரு பெண் சொல்லிக் காட்ட வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் இரத்தக் கறை நூலில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுக் கசக்கி, நுரை போகும்வரை அலச வேண்டும். சோப்பு மிச்சமிருந்தாலும் அரிப்பு வரும். கம்ஃபர்ட் மாதிரித் துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் உறிஞ்சும் தன்மை குறையும். டெட்டால் தேவையில்லை. ப்ளீச்சிங் பவுடர் படலத்தைக் கெடுக்கும். அடித்துணியை இஸ்திரி போட்டால் படலம் உருகும். ஆனால் மழை நாளில் தனி உறிஞ்சுதுணியைத் தேய்த்து உலர்த்தலாம், மூன்றாவது வகைக்கு அதுவும் ஒரு நன்மை. நாள் முழுக்க வாளியில் ஊறப்போடும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடம்வரை வரும். படலம் விரிசல் விட்டு வெள்ளையாகத் தெரிந்தால் அடித்துணியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எந்த இல்லத்துக்குக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஆதரவற்ற பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மற்றப் பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பார்க்கக் கேட்பது அவமரியாதை அல்ல. பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது மட்டும் வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், நாப்கினைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கு நிற்கச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் செய்யக் கூடாத காரியம்.

வரிக்கழிவு வேண்டுமென்றால் பொருளாகக் கொடுக்காதீர்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் கழிவு பொருள் நன்கொடைக்குக் கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் உண்டு. தொண்டு அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பி, பிள்ளைகளின் நாப்கினுக்காக என்று எழுத்தில் சொல்லி, தையல் கூடத்திலிருந்து அவர்களையே வாங்கச் செய்யுங்கள். ரசீதோடு, வருமான வரித்துறைத் தளத்திலிருந்து எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழும் கேளுங்கள். ரசீது மட்டும் இருந்தால் கழிவு நிற்காது.

வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள், வெளிநாட்டுப் பணம் வாங்க அந்த அமைப்புக்கு அனுமதி இல்லையாமே என்று பின்வாங்குவதுண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட்டின் நகலையும் ஒரு சின்னக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அமைப்பின் ஆடிட்டருக்குச் சிக்கல் இருக்காது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்புவதுதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும்.

ஆர்டர் கொடுக்கும் காலமும் முக்கியம். 50 பிள்ளைக்கு ஆளுக்கு எட்டு உறிஞ்சுதுணி, மூன்று அடித்துணி என்றால் 550 உருப்படி. ஓரம் மட்டும் மடித்துத் தைக்கும் துண்டு சீக்கிரம் முடியும் என்றாலும், மூன்று பெண்கள் சேர்ந்து தைத்தால்கூட நனைப்பு, வெட்டு எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் வைக்க வேண்டும். நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் தையல் குவிந்துவிடும். அப்போது அவசர ஆர்டர் கொடுத்தால் நனைக்காத துணியில்தான் தைத்து வரும். ஏப்ரலில் முன்பணம் கொடுத்துவிட்டால் நனைத்த துணி வெயிலில் காய நேரம் இருக்கும். ஜூனில் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பும்போது, மழை வலுக்கும் முன், பொருளும் கையில் இருக்கும்.